உறையின் பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

வாசகர் கேள்விகள்: இசை

கேள்வி: மாற்றிசையில் (ஆல்டர்னேடிவ் இசையில்) எல்லோரும் கொண்டாடும் பெரிய குழுக்களை ஓரளவு கேட்டு முடித்துவிட்டேன். கவனம் பெறாமல் போன ஆல்பங்களைத் தேட விரும்புகிறேன். ஆனால் இசைச் செயலிகளின் பரிந்துரைகள் நான் ஏற்கெனவே கேட்டவற்றையே சுற்றிச் சுற்றி வருகின்றன. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: உங்கள் மனத்துக்கு மிக நெருக்கமான ஓர் ஆல்பத்தை எடுத்து, அதன் உறையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும் பெயர்களை வாசியுங்கள். உங்களைப் போன்ற ரசனை உள்ளவர்கள் எதைக் கேட்டார்கள் என்பதையே செயலி பெரிதும் சார்ந்திருக்கிறது. ஆகவே அதிகம் பேர் கேட்காத ஒன்றை அது உங்களிடம் கொண்டுவந்து சேர்ப்பது அரிது. உறையில் உள்ள பெயர்களோ ஒரே ஒலிப்பதிவுக்கூடத்தில் சேர்ந்து உழைத்த மனிதர்களுடையவை. அவர்களில் ஒருவர் வேறு எங்கெல்லாம் உழைத்தார் என்று தேடினால், எந்தப் பட்டியலிலும் இடம்பெறாத ஆல்பங்கள் வந்து சேரும்.

ஒரு எடுத்துக்காட்டை விரிவாகச் சொல்கிறேன். ஆங்கிலப் பாடகர் நிக் டிரேக்கின் பெயரை இன்று பலரும் அறிவார்கள். 1969க்கும் 1972க்கும் இடையில் அவர் வெளியிட்ட மூன்று ஆல்பங்களும் அப்போது மிகக் குறைவாகவே விற்றன. 1974இல் தமது 26ஆம் வயதில் அவர் மறைந்தார். ஏறக்குறைய கால் நூற்றாண்டுக்குப் பிறகு, 1999இல் வந்த ஒரு கார் விளம்பரத்தில் அவருடைய 'பிங்க் மூன்' பாடல் ஒலித்ததும்தான் பெருங்கூட்டம் அவரைத் தேடி வந்தது. அவருடைய முதல் ஆல்பமான 'ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்'டின் உறையைப் பாருங்கள். தயாரிப்பாளர் ஜோ பாய்ட். வயலின் போன்ற கருவிகளுக்கான நரம்பிசைக் கோவைகளில் பெரும்பாலானவற்றை அமைத்தவர் ராபர்ட் கர்பி. இதே இருவரும் பங்கேற்ற இன்னோர் ஆல்பம், பாடகி வஷ்டி பன்யனின் 'ஜஸ்ட் அனதர் டயமண்ட் டே'. 1970இல் வெளிவந்த அதை அநேகமாக எவரும் பொருட்படுத்தவில்லை. மனம் வெறுத்த அந்தப் பெண்மணி இசையுலகை விட்டே விலகிப் போனார். 2000இல் அது மறுவெளியீடு கண்டபோது புதிய தலைமுறை இசைக்கலைஞர்கள் அவரைத் தேடிச் சென்றார்கள். அதன் பயனாக, முதல் ஆல்பத்துக்கு 35 ஆண்டுகள் கழித்து, 2005இல், 'லுக்ஆஃப்டரிங்' என்ற இரண்டாம் ஆல்பம் வந்தது. அதன் தயாரிப்பாளர், நவீனச் செவ்வியல் இசையமைப்பாளரான மேக்ஸ் ரிக்டர் என்பதைக் கவனித்தீர்களானால், ஃபோக் எனப்படும் நாட்டுப்புறச் சாயல் இசையில் தொடங்கிய உங்கள் தேடலுக்கு அங்கே இன்னொரு கதவு திறக்கும். காற்றில் கரைந்துவிடுமோ என்று அஞ்சவைக்கும் அளவுக்கு மெல்லியது பன்யனின் குரல். அந்த மென்மையே அன்று அவருக்குப் பாதகமாயிற்று என்று நினைக்கிறேன். எனக்கு அவரைப் பிடித்திருப்பதற்குக் காரணமும் அதுவே.

கேள்வி: ஓர் ஆல்பம் உண்மையிலேயே சிறந்ததாக இருந்தால் எப்படிக் கவனிக்கப்படாமல் போகும்? விற்கவில்லை என்றால் ஏதோ குறை இருக்கிறது என்றுதானே பொருள்?

பதில்: பல நேரங்களில் குறை இசையில் இருப்பதில்லை. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்தில் உருவான பிக் ஸ்டார் குழுவின் முதல் ஆல்பம், 'நம்பர் 1 ரெக்கார்ட்', 1972இல் வந்தபோது விமர்சகர்கள் மனமுவந்து பாராட்டினார்கள். ஆனால் விநியோகம் சீர்குலைந்திருந்ததால், விமர்சனத்தைப் படித்துவிட்டுக் கடைக்குப் போனவர்களுக்கு இசைத்தட்டு கிடைக்கவில்லை. 1974இல் வந்த 'ரேடியோ சிட்டி'க்கும் அதே கதிதான். ஆயினும் பத்தாண்டுகள் கழித்து எழுந்த ஆர்.ஈ.எம்., ரீப்ளேஸ்மென்ட்ஸ் போன்ற குழுக்கள் இவர்களைத் தம் முன்னோடிகளாக மதித்தன.

டெட்ராய்ட் நகரத்தில் ஹேக்னி சகோதரர்கள் மூவர் நடத்திய 'டெத்' குழுவின் கதை இன்னும் வேதனையானது. வேகமும் முரட்டுத்தனமும் மிக்க ராக் இசைக்குப் பங்க் என்ற பெயர் பரவுவதற்கு முன்பே, 1975இல், அவர்கள் பங்க் இசையைப் பதிவு செய்துவிட்டார்கள். இசைத்தட்டு நிறுவனத்தார் குழுவின் பெயரை மாற்றச் சொன்னபோது மூத்தவரான டேவிட் உறுதியாக மறுத்தார், ஒப்பந்தம் கைகூடவில்லை. அந்தப் பதிவுகள் 2009இல்தான் ஆல்பமாக வெளிவந்தன. டேவிட் 2000இலேயே இறந்துபோயிருந்தார்.

அதற்காக, மறக்கப்பட்டவை அனைத்தும் பொக்கிஷங்கள் என்று நான் சொல்லமாட்டேன். பழைய ஆல்பங்கள் பலவற்றை ஆவலோடு தேடிப் பிடித்து, இரண்டாம் பாடலுக்குள் ஏமாந்திருக்கிறேன். அரிதாகக் கிடைப்பது என்பது வேறு, நன்றாக இருப்பது என்பது வேறு. சேகரிப்பாளர்கள் சொல்லும் விலையைக் கொண்டு தரத்தை அளக்காதீர்கள்.

கேள்வி: ஜெர்மனியின் 'நொய்' குழுவைக் கேட்கச் சொன்னார்கள். முதல் பாடலிலேயே பத்து நிமிடத்துக்கு ஒரே தாளம்; பொறுமை போய்விட்டது. ஓர் ஆல்பத்துக்கு எத்தனை வாய்ப்புகள் தர வேண்டும்?

பதில்: மூன்று முறை, அதுவும் வெவ்வேறு நாட்களில் கேளுங்கள் என்பது என் பழக்கத்திலிருந்து சொல்லும் ஆலோசனை. நீங்கள் குறிப்பிடும் 'ஹாலோகாலோ' 1972இல் வந்த முதல் ஆல்பத்தின் தொடக்கம். அதில் கிளவ்ஸ் டிங்கரின் டிரம்ஸ் நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓடும் வண்டியைப் போன்றது. வண்டி மாறுவதில்லை, சன்னலுக்கு வெளியே மிஹாயெல் ரோட்டரின் கிதார் காட்டும் காட்சிகள்தாம் மாறிக்கொண்டே போகின்றன. தாளத்தைப் பின்தொடர்வதை விட்டு கிதாரைப் பின்தொடர்ந்து பாருங்கள். இரண்டாம் ஆல்பத்துக்குப் பணம் போதாமல் போனபோது, தாங்கள் முன்பே வெளியிட்டிருந்த இரண்டு பாடல்களை வேறு வேறு சுழற்சி வேகங்களில் ஓடவிட்டு அவர்கள் இசைத்தட்டின் மறுபக்கத்தை நிரப்பினார்கள் என்ற செய்தியும் உங்களுக்குச் சுவையாக இருக்கலாம்.

இதே பொறுமையை டாக் டாக் குழுவின் 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்' (1988), 'லாஃபிங் ஸ்டாக்' (1991) ஆகிய இரண்டும் கேட்கும், அதற்கு மேல் திருப்பியும் கொடுக்கும். வெற்றிகரமான பாப் பாடல்களால் பெயர் பெற்றிருந்த குழு, அந்தப் பாதையைத் துறந்து மௌனத்தையும் ஓர் இசைக்கருவியாக நடத்தத் தொடங்கிய ஆல்பங்கள் இவை. வேலை செய்துகொண்டே இவற்றைக் கேட்காதீர்கள். ஒலி அடங்கும் இடங்கள் நழுவிப் போய்விடும்.

கேள்வி: இத்தகைய தேடல் மேற்கத்திய நாடுகளோடு முடிந்துவிடுகிறதா?

பதில்: இல்லவே இல்லை. இந்தித் திரைப்படங்களுக்கு வாசித்துவந்த சரண்ஜித் சிங், 1982இல் பத்து ராகங்களை சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியில் டிஸ்கோ தாளத்துக்கு இசைத்து ஓர் ஆல்பம் வெளியிட்டார். அப்போது சந்தைக்குப் புதிதாக வந்திருந்த ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303 (பேஸ் ஒலி தரும் சிந்தசைசர்), டிஆர்-808 (தாள இயந்திரம்) கருவிகளை அவர் அதில் பயன்படுத்தினார். சில ஆண்டுகள் கழித்து சிகாகோவில் ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை பிறந்தது அதே டிபி-303இன் ஒலியிலிருந்துதான். 2010இல் மறுவெளியீடு வந்தபோது, இரண்டுக்கும் உள்ள ஒற்றுமையைக் கேட்டு உலகெங்கும் ரசிகர்கள் வியந்தார்கள். அவரோ ஆசிட் ஹவுஸை எண்ணி அதைச் செய்தவர் அல்லர். ராகத்தின் ஓட்டத்தை ஒரு புதிய கருவியில் பிடிக்க முயன்றவர். பைரவ் ராகத்தில் அமைந்த பகுதியை முதலில் கேளுங்கள்.