டாஸ் கேம்களுக்கு எந்த லாஞ்சர் வைத்துக்கொள்ளலாம்?

கேள்வி: பழைய ஹார்ட் டிஸ்கிலிருந்து மீட்ட டாஸ் கேம்கள் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. இப்போது வைத்திருப்பது விண்டோஸ் 11. டாஸ்பாக்ஸ் போட்டேன், வேலை செய்கிறது, ஆனால் ஒவ்வொரு தடவையும் கோப்புறையை டிரைவாக இணைக்கும் மவுண்ட், கோப்புறைக்குள் போகும் சிடி என்று கட்டளைகளைத் தட்டச்சு செய்து கொண்டிருக்க முடியவில்லை. படத்தைச் சொடுக்கினால் கேம் வர வேண்டும். டி-ஃபெண்ட் ரீலோடட், லாஞ்ச்பாக்ஸ் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது சுலபம்?

பதில்: லாஞ்சர் கேமை ஓட்டுவதில்லை, அதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுவது டாஸ்பாக்ஸ்தான். 64 பிட் விண்டோஸில் டாஸ் காலத்து 16 பிட் நிரல்கள் ஓடவே ஓடாது, அதனால்தான் நடுவில் பழைய கணினி மாதிரி நடிக்கும் டாஸ்பாக்ஸ் போன்ற எமுலேட்டர் தேவைப்படுகிறது. நீங்கள் கையால் அடிக்கும் அந்த மூன்று நான்கு வரிகளையும், எவ்வளவு வேகம், என்ன சவுண்ட் கார்டு என்ற விவரங்களையும் ஓர் அமைப்புக் கோப்பில் எழுதி டாஸ்பாக்ஸ் கையில் கொடுப்பதோடு லாஞ்சரின் வேலை முடிந்தது. அதனால் அழகான அட்டைப்படம் வருகிறதா என்று பார்த்து லாஞ்சரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அது எழுதும் அமைப்பைத் திறந்து பார்க்க முடிகிறதா, நாளைக்கு அந்த லாஞ்சரே இல்லாமல் போனாலும் உங்கள் கேம் கோப்புறைகள் அப்படியே இருக்குமா, இந்த இரண்டையும் பாருங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், டி-ஃபெண்ட் ரீலோடடுக்கு நடந்தது அதுதான். அருமையான மென்பொருள், டாஸ்பாக்ஸையும் சேர்த்தே நிறுவிக் கொடுக்கும், கேம் சேர்க்க வழிகாட்டியும் உண்டு. ஆனால் அதை மேம்படுத்துவது நின்று வருடக்கணக்காகிவிட்டது. இன்றும் ஓடும், ஏற்கனவே வைத்திருப்பவர்கள் தூக்கிப் போட வேண்டியதில்லை. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

நாற்பது கேம் என்றால் என் தேர்வு டிபிஜிஎல் என்ற லாஞ்சர். ஜாவாவில் எழுதியது, விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். பார்க்கக் கொஞ்சம் அலுவலக மென்பொருள் மாதிரி இருக்கும், முதல் நாள் இத்தனை கட்டங்களா என்று மலைப்பாகவும் இருக்கும், ஆனால் பாதிக் கட்டங்களை நீங்கள் தொடவே போவதில்லை. கேமின் முக்கியக் கோப்பைக் காட்டினால் மவுண்ட் வரிகளை அதுவே எழுதிக்கொள்ளும். எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது, ஒன்றுக்கு மேற்பட்ட டாஸ்பாக்ஸ் பதிப்புகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு இந்த கேமுக்கு இது, அந்த கேமுக்கு அது என்று பிரித்துக் கொடுக்கலாம் என்பது. டாஸ்பாக்ஸின் பழைய 0.74 பதிப்பையே பிடித்துத் தொங்காமல், அதிலிருந்து கிளைத்த டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங்கையும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். படத்தின் உயர அகல விகிதத்தை அதுவே சரியாகக் காட்டும். அந்தக் காலத்து 320க்கு 200 படம் 4:3 திரையை நிறைக்கும்படி வரையப்பட்டது, பழைய பதிப்பில் ஆஸ்பெக்ட் என்ற அமைப்பை நாமே ட்ரூ ஆக்காவிட்டால் ஆட்கள் எல்லாரும் கொஞ்சம் குட்டையாகத் தெரிவார்கள்.

லாஞ்ச்பாக்ஸும் மோசமில்லை. அது ஆரம்பத்தில் டாஸ்பாக்ஸுக்கான முகப்பாகவே தொடங்கியது. அட்டைப்படம், வெளியான வருடம், குறிப்பு எல்லாம் தானாக இறக்கிக் கொடுக்கும், இலவசப் பதிப்பே உங்களுக்குப் போதும். வெவ்வேறு கன்சோல் கேம்களும் சேர்ந்து இருந்தால் அதுதான் வசதி. வெறும் டாஸ் மட்டும் என்றால் கொஞ்சம் கனம் அதிகம்.

டிவியில் இணைத்து கேம்பேடில் ஆட ஆசையா? அப்படியானால் பல எமுலேட்டர்களை ஒரே முகப்பில் ஓட்டும் ரெட்ரோஆர்க்கில் டாஸ்பாக்ஸ் ப்யூர் என்ற வகையைப் போடுங்கள். கேம் கோப்புறையை ஜிப் ஆக்கி அப்படியே திறக்கலாம். உள்ளே இருக்கும் நிரல்களைப் பட்டியலாகக் காட்டும், ஒன்றைத் தேர்ந்தால் ஓடும், அடுத்த முறை தானாகவே தொடங்கும்படியும் வைக்கலாம். சேமிப்புகள் தனிக் கோப்புக்குப் போவதால் மூல ஜிப் மாறவே மாறாது. சுலபம் என்று மட்டும் கேட்டால் இதைவிடச் சுலபமானது எனக்குத் தெரியவில்லை.

மங்கி ஐலேண்ட் மாதிரி சொடுக்கிச் சொடுக்கி ஆடும் சாகச கேம்கள் உங்கள் நாற்பதில் இருந்தால் அவற்றை டாஸ்பாக்ஸிலிருந்தே எடுத்துவிடுங்கள். இத்தகைய சாகச கேம்களை ஓட்டுவதற்கென்றே உள்ள ஸ்கம்விஎம்மில் கோப்புறையைக் காட்டினால் கேமை அதுவே அடையாளம் கண்டு பட்டியலில் சேர்த்துக்கொள்ளும், வேகம், சவுண்ட் என்ற தலைவலி எதுவும் கிடையாது.

மற்றவற்றுக்கு அந்தத் தலைவலி உண்டு, எந்த லாஞ்சரும் அதை முழுசாகத் தீர்க்காது. கேம் வருகிறது, சத்தம் இல்லை என்றால் பெரும்பாலும் அந்த கேமின் செட்டப் நிரலை யாரும் ஓட்டவில்லை என்று அர்த்தம். டூம் எடுத்துக்கொள்ளுங்கள்: கோப்புறையில் தனியாக ஒரு செட்டப் இருக்கும், அதைத் திறந்து சவுண்ட் பிளாஸ்டர், போர்ட் 220, ஐஆர்க்யூ 7, டிஎம்ஏ 1 என்று கொடுத்துச் சேமித்தால் போதும், டாஸ்பாக்ஸ் வழக்கமாகக் காட்டும் கார்டு அதுதான். டிபிஜிஎல்லில் செட்டப் நிரலுக்கென்றே தனி இடம் இருக்கிறது, கேம் சேர்க்கும்போதே அதையும் நிரப்பிவிடுங்கள். வேகம் தாறுமாறாக இருந்தால் ஆடும்போதே கன்ட்ரோலோடு எஃப்11 அழுத்தினால் குறையும், எஃப்12 அழுத்தினால் கூடும். சரியாக வந்ததும் தலைப்புப் பட்டையில் தெரியும் சைக்கிள்ஸ் என்ற வேக எண்ணைப் பார்த்து அந்த கேமின் அமைப்பில் எழுதி வைத்துவிட்டால் அப்புறம் தொட வேண்டியதில்லை.

கேம்களை புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள் மட்டும் வைக்காதீர்கள், அங்கே எழுத விண்டோஸ் விடாது, சேமித்த ஆட்டம் காணாமல் போகும். சி டிரைவில் கேம்ஸ் என்று ஒரு கோப்புறை, அதற்குள் ஒவ்வொரு கேமுக்கும் எட்டு எழுத்துக்குள், இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் ஒரு பெயர். குறுவட்டு கேம்களைப் பிரதி எடுக்கும்போது ஐஎஸ்ஓவாக எடுத்தால் தரவு மட்டுமே வரும், வட்டில் தனித் தடங்களாக இருக்கும் இசை வராது. பின் (.bin), க்யூ (.cue) என்ற இரண்டு கோப்புகளும் சேர்ந்த வடிவில் எடுத்து, மவுண்ட் இடத்தில் க்யூ கோப்பைக் காட்டுங்கள். இரண்டு மூன்று வட்டு உள்ள கேம் என்றால் எல்லா க்யூ கோப்புகளையும் ஒரே டிரைவில் வரிசையாகக் கொடுத்துவிட்டு, வட்டை மாற்றச் சொல்லும்போது கன்ட்ரோல் எஃப்4 அழுத்தினால் அடுத்தது வந்துவிடும்.