வலது கைக்கு வேலை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அனுபவத்துக்கு ஏற்ப மூளை கடைசிவரை மாறிக்கொண்டே இருக்கிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். எங்கள் ஊர் ராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடம். அப்பா நாட்டுப்படகில் தொழிலுக்குப் போனவர், வயது 56. எட்டு மாதத்துக்கு முன் கரையில் உட்கார்ந்து வலையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். வலது கை விரல்களை லேசாக விரிக்கிறார், ஆனால் அந்தக் கையை எதற்கும் எடுப்பதில்லை. அம்மாதான் ஊட்டிவிடுகிறார், சட்டை போட்டுவிடுகிறார். "ஆறு மாசத்துல வந்ததுதான், அதுக்கு மேல வராது" என்று எல்லாரும் சொல்கிறார்கள். பெரியம்மா புறா ரத்தம் தேய்க்கச் சொல்கிறார். என் பெயரைக்கூடச் சொல்ல வராத அப்பா, ஜெபமாலையில் மங்கள வார்த்தை ஜெபத்தை முழுதாகச் சொல்லிவிடுகிறார். வலை இழுக்கும்போது பாடும் அம்பா பாட்டும் பாடுகிறார். இது எப்படி? செத்த மூளை திரும்ப முளைக்குமா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். முளைக்காது. ரத்தம் போகாமல் அழிந்த நரம்புச் செல்கள் அழிந்தவைதான். அப்படியானால் கம்பு ஊன்றியாவது அப்பா எப்படி நடக்கிறார்? மூளையில் இருந்த வீக்கம் வடிந்தது ஒரு காரணம். அழிந்த இடத்தைச் சுற்றிப் பிழைத்திருக்கும் பகுதிகள் தங்களுக்குள் புது இணைப்புகள் போட்டுக்கொண்டு அந்த வேலையை ஏற்றுக்கொண்டது இன்னொரு காரணம்.

ஆனால் அந்தப் பகுதிகள் சும்மா இருந்தால் ஏற்றுக்கொள்வதில்லை. 1996இல் அமெரிக்காவில் ராண்டால்ஃப் நூடோவின் குழு அணில் குரங்குகளிடம் இதைப் பார்த்தது. மூளையில் கையை அசைக்கும் பகுதியில் சிறிய சேதம் ஏற்படுத்திவிட்டு, சில குரங்குகளை அந்தக் கையாலேயே சிறு குழிகளிலிருந்து தீனியை எடுக்கப் பழக்கினார்கள். பழகிய குரங்குகளில், சேதத்தை ஒட்டி மிஞ்சியிருந்த கைப்பகுதி அப்படியே நின்றது. சிலவற்றில் தோளுக்கும் முழங்கைக்கும் உரிய இடத்துக்குள்ளும் பரவியது. இதே குழு முன்பு செய்த சோதனையில், பழக்காமல் விட்ட குரங்குகளுக்கு நேர்ந்ததுதான் உங்களுக்கு முக்கியம். அவற்றில் சேதமே ஆகாமல் பக்கத்தில் இருந்த கைப்பகுதியும் சுருங்கிப்போனது. நோய் எடுத்தது கொஞ்சம், பயன்படுத்தாததால் போனது இன்னும் கொஞ்சம்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி "அந்தக் கையை எதற்கும் எடுப்பதில்லை" என்பது. விரலை விரிக்க முடிகிறது, ஆனால் எடுப்பதில்லை. எட்வர்ட் டாப் என்ற உளவியலாளர் இதைத்தான் வருடக்கணக்கில் ஆராய்ந்தார். ஆரம்ப வாரங்களில் அந்தக் கையால் எதைச் செய்யப்போனாலும் தோல்வி, கீழே சிந்துகிறது, பக்கத்தில் இருப்பவர் பதறுகிறார். இடது கை உடனே முடித்துவிடுகிறது. அதனால் வலது கை உதவாது என்று மூளை படித்துக்கொள்கிறது. பிறகு கையில் கொஞ்சம் தெம்பு திரும்பினாலும் படித்த பாடம் மாறுவதில்லை. நல்ல கைக்கு உறை மாட்டி, பலவீனமான கையை வேலை செய்ய வைக்கும் சிகிச்சை இதிலிருந்துதான் பிறந்தது.

222 பேரிடம் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2006இல் வந்தது. இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி நல்ல கையில் உறை. கூடவே தினமும் பல மணி நேரப் பயிற்சி. வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களைவிட இவர்களுடைய கை நன்றாகத் தேறியது, ஒரு வருடம் கழித்தும் அந்தத் தேர்ச்சி நின்றது. அதில் சேர்ந்தவர்கள் எல்லாரும் பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் ஆனவர்கள். உங்கள் அப்பாவுக்கு எட்டு மாதம். ஆறு மாதக் கணக்கு சொல்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். முதல் மூன்று மாதத்தில் வேகமாக வரும் என்பது உண்மை. அதற்குப் பிறகு மெதுவாக வரும், உழைத்துத்தான் வரும்.

ஒன்று, இந்த உறை மாட்டும் முறையை வீட்டில் நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவாவது தானாக நிமிர்த்த முடிகிறவர்களுக்கு உரியது அது. கம்பு பிடிக்கும் கையைக் கட்டிப்போட்டால் விழுந்துவிடுவார். இயன்முறை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் (2021இல் தொடங்கியது) வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி கொடுக்கிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பாவின் பெயரைப் பதிந்துவிடுங்கள்.

இயன்முறை மருத்துவர் வருகிற நாள் தவிர மற்ற நாட்கள் இருக்கின்றனவே, அங்கேதான் வலை வருகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் பக்கவாதப் பயிற்சிகளைக் கூடவே இருந்து எண்ணிப் பார்த்தார்கள். 2009இல் வந்த கணக்குப்படி, கையால் ஒரு வேலையைச் செய்து பழகுவது ஓர் அமர்வுக்குச் சராசரி 32 தடவைதான். குரங்குகளின் மூளையில் மாற்றம் கண்ட சோதனைகளில் அது தினம் நூற்றுக்கணக்கான தடவை. பந்தை அமுக்கு, விடு என்று ஐந்நூறு தடவை யாராலும் செய்ய முடியாது, வெறுத்துவிடும். கிழிந்த வலை ஒன்றைச் சரிசெய்ய எத்தனை முடிச்சு விழும் என்று உங்கள் அப்பாவைவிட யாருக்குத் தெரியும்? அவர் கைக்கு நாற்பது வருடம் தெரிந்த வேலை, முடித்தால் ஒருவர் கடலுக்குக் கொண்டுபோகிற வேலை. மனத்துக்குப் பொருளுள்ள வேலையைத்தான் மூளை பிடித்துக்கொள்கிறது.

எடுத்தவுடன் வலை பின்னும் ஊசியைக் கொடுக்காதீர்கள். முதலில் வலது கை வலையைப் பிடித்துக்கொள்ளட்டும், ஊசி இடது கையில் ஓடட்டும். அப்புறம் பெரிய கண்ணி உள்ள நூல் வலையில், துணி சுற்றித் தடிமனாக்கிய ஊசி. மெல்லிய நைலான் இழையாலான தங்கூசி வலை வேண்டாம், வழுக்கும், விரலையும் அறுக்கும், மரத்த கைக்கு அது தெரியாது. காலையில் அரை மணி, ஓய்வு, மறுபடி அரை மணி. முடிச்சு கோணலாக இருந்தால் அவர் எதிரில் யாரும் பிரித்துப் போடக் கூடாது.

அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் தயங்குகிறேன். ஊட்டிவிடுவதில் இருப்பது அன்பு, எட்டு மாதமாக அந்த வீட்டைத் தாங்கியதும் அதுதான். ஆனால் ஒவ்வொரு கவளத்திலும் வலது கைக்கு ஒரு வாய்ப்பு போகிறது. முதல் நாலு கவளத்தை அவரே எடுக்கட்டும், சிந்தட்டும். சட்டையில் வலது கையை முதலில் நுழைத்து அவரே இழுக்கட்டும். ஒரு சட்டைக்குக் கால் மணி நேரம் ஆனால் ஆகட்டும். அவர் சோர்ந்து படுத்தாலோ காரணமில்லாமல் அழுதாலோ சோம்பல் என்று யாரையும் சொல்ல விடாதீர்கள். பக்கவாதத்துக்குப் பின் வரும் களைப்பும் மனச்சோர்வும் நோயின் பகுதிதான், மருத்துவரிடம் சொன்னால் மருந்து உண்டு. முயன்றால் எல்லாம் வரும் என்று நான் சொல்ல மாட்டேன். சேதம் பெரிதாக இருந்தால் எவ்வளவு உழைத்தாலும் சில அசைவுகள் வராது. வராதவருக்கு, நீ சரியாக முயலவில்லை என்ற பழியும் சேர்வது கொடுமை.

கண்ணாடிப் பயிற்சியையும் கேட்டுப் பாருங்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், கை இழந்தவர்கள் அந்த இல்லாத கையில் உணரும் மாய வலிக்காகக் கண்டுபிடித்தது அது. பிறகு பக்கவாதத்துக்கும் பயன்பட்டது. இரண்டு கைக்கும் நடுவில் முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்தி, இடது கையின் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு கையையும் அசைப்பதுதான். செலவே இல்லை.

இனி பேச்சு. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சின் முக்கியப் பகுதிகள் மூளையின் இடது பக்கத்தில் இருக்கின்றன. வலது கையை ஆள்வதும் அதே பக்கம்தான், அதனால் இரண்டும் சேர்ந்து விழுந்தன. உங்கள் பெயரைச் சொல்ல, சொல்லைத் தேடி எடுத்து ஒலியாகக் கோக்க வேண்டும். மங்கள வார்த்தையோ சின்ன வயதிலிருந்து ஆயிரக்கணக்கான தடவை சொல்லி ஒரே ஓட்டமாகப் பதிந்தது, தேட வேண்டியதில்லை. அம்பா பாட்டுக்கு மெட்டும் இழுப்பின் தாளமும் கை கொடுக்கின்றன. உங்கள் பெயர் மறந்துவிட்டது என்று மட்டும் நினைக்காதீர்கள். உங்களை அவருக்குத் தெரியும், வாய்க்குத்தான் வழி கிடைக்கவில்லை.

இதையே பிடித்துக்கொண்டு 1973 முதல் ஒரு சிகிச்சை இருக்கிறது. "தண்ணி வேணும்" போன்ற சிறு சொற்றொடரை ராகம் இழுத்து, இடது கையால் தாளம் தட்டிக்கொண்டே சேர்ந்து சொல்வது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ராகத்தைக் குறைப்பது. பாட்டு வருவதால் பேச்சு தானாக வந்துவிடாது, பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் வழிகாட்ட வேண்டும். அதுவரை மாலையில் அம்பா பாட்டைச் சேர்ந்து பாடுங்கள், நடு நடுவே ஒரு சொல்லை அவருக்கு விட்டு நிறுத்துங்கள், அவசரப்படாமல் காத்திருங்கள்.

புறா ரத்தம் வேண்டாம். தோலில் தேய்ப்பது எதுவும் மூளையின் சேதத்தைத் தொடாது. பெரியம்மாவுக்கு ஏதாவது செய்ய ஆசை என்றால், வலை கட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கட்டும். அப்பாவைத் தூக்கிவிடும்போது வலது கையைப் பிடித்து யாரும் இழுக்க வேண்டாம், பலமில்லாத தோள்மூட்டு இறங்கிவிடும்.

ரத்த அழுத்த மாத்திரையை ஒரு நாளும் விடாதீர்கள். மறுபடி முகம் கோணினாலோ, கை தொய்ந்தாலோ, வாய் குழறினாலோ, படுத்து எழுந்தால் சரியாகும் என்று காத்திருக்காமல் உடனே 108ஐ அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன் ஸ்கேன் எடுக்க வேண்டும். பாலம் தாண்டி ராமநாதபுரம் போய்ச் சேரும் நேரமும் அந்தக் கணக்கில்தான் வரும்.