ஜெல்லில் ஒரே பேண்ட் போதுமா?

கேள்வி: மேடம், ஒரு பாக்டீரியாவின் புரதத்தை ஈ.கோலை என்ற வேறொரு பாக்டீரியாவில் தயாரித்து, புரதத்தைப் பிடித்துவைக்கும் நிக்கல் ரெசினில் பிரித்தெடுத்திருக்கிறேன். புரதங்களைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஒரே பேண்ட் (பட்டை)தான். மேக்ரோபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்களில் சேர்த்தால் டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதம் நிறையச் சுரக்கிறது. இந்தப் புரதம் நோய் எதிர்ப்பைத் தூண்டுகிறது என்று எழுதிவிடலாமா?
– ஆய்வு மாணவி ஒருவர்

பதில்: இப்போதைக்கு எழுத வேண்டாம்.

முனைவர் பட்ட ஆய்வில் நானும் இதே இடத்தில் நின்றிருக்கிறேன். நாலு மாதம் சந்தோஷமாக அளவுகள் எடுத்தபிறகு, பக்கத்து மேசை அக்கா, "அதைக் கொதிக்க வைத்துப் போட்டுப் பாரேன்" என்றார். கொதித்தால் புரதம் பொதுவாக வடிவிழந்து வேலை செய்யாது. ஆனால் என் கொதித்த புரதமும் அதே அளவு டிஎன்எஃப் கொடுத்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வேலை செய்தது என் புரதம் அல்ல, எண்டோடாக்சின். ஈ.கோலையின் வெளிச்சவ்வில் இருக்கும் இந்த லிப்போபாலிசாக்கரைடு, புரதத்தோடு ஒட்டிக்கொண்டே வந்துவிடும். ஜெல்லுக்கு நாம் போடும் கூமாசி நீலம் புரதத்தைத்தான் காட்டும், இதைக் காட்டாது. மில்லிலிட்டருக்கு ஒரு நானோகிராம் இருந்தாலே மேக்ரோபேஜ் விழித்துக்கொள்ளும். கொதிநீருக்கு அசையாது, கண்ணாடிப் பாத்திரத்திலிருந்து இதை ஒழிக்க 250 டிகிரி உலர்வெப்பத்தில் அரைமணி நேரம் வைக்கிறோம்.

அதனால் முதலில் உங்கள் புரதத்தின் மரபணு இல்லாத வெற்று பிளாஸ்மிட் (டிஎன்ஏ வளையம்) உள்ள ஈ.கோலையிலிருந்தும் இதே முறையில் ஒரு மாதிரி எடுங்கள். பலர் விட்டுவிடும் கன்ட்ரோல் (ஒப்பீட்டு மாதிரி) இது. அப்புறம் உங்கள் புரதத்தைக் கொதிக்க வைத்தும், புரோட்டினேஸ் கே என்ற நொதியைப் போட்டுச் சிதைத்தும் பாருங்கள். எண்டோடாக்சினைக் கட்டிப்போடும் பாலிமிக்சின் பி-யைச் சேர்த்தும் ஒருமுறை பார்க்கலாம். ஆனால் கலப்படம் அதிகமாக இருந்தால் அது திணறும், அதை மட்டும் நம்ப வேண்டாம். எண்டோடாக்சினை உணரும் டிஎல்ஆர்4 ஏற்பி இல்லாத எலியின் செல்கள் கிடைத்தால் பதில் இன்னும் தெளிவாக வரும்.

சுத்தம் செய்வதிலேயே ஒரு சோதனை இருக்கிறது. 1923-இல் ஹைடல்பெர்கரும் ஏவரியும் நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் பாக்டீரியாவின் உறையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தார்கள். ஆன்டிஜென் (ஆன்டிபாடி பிடித்துக்கொள்ளும் பொருள்) என்றால் புரதம்தான் என்று நம்பிய காலம். சுத்தப்படுத்தச் சுத்தப்படுத்த, புரதத்தின் அடையாளமான நைட்ரஜன் குறைந்துகொண்டே போனது. ஆன்டிபாடியோடு வினைபுரியும் திறனோ குறையவில்லை. அந்தப் பொருள் ஒரு சர்க்கரை என்று அப்படித்தான் தெரிந்தது. நீங்களும், புரதம் ரெசினில் ஒட்டியிருக்கும்போதே டிரைட்டான் எக்ஸ்-114 என்ற சோப்பு போன்ற பொருளைப் போட்டுக் கழுவி, ஒவ்வொரு கழுவலுக்குப் பிறகும் எண்டோடாக்சினையும் டிஎன்எஃப்பையும் சேர்த்தே அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இறங்கினால் விடை தெரிந்துவிடும்.

இறங்கவில்லை என்றாலும், மேக்ரோபேஜைத் தூண்டுவது வேறு, நோயிலிருந்து காப்பது வேறு. அந்த நிமோகாக்கஸ் சர்க்கரையே பெரியவர்களைக் காக்கும் தடுப்பூசியானது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உடல் அதைச் சரியாகக் கண்டுகொள்ளாததால், ஒரு புரதத்தோடு இணைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. நீங்களும் எலிக்குப் புரதத்தைக் கொடுத்து, அதன் சீரத்தை வேறொரு எலிக்குச் செலுத்தி, பிறகு உயிருள்ள பாக்டீரியாவைக் கொடுத்துப் பாருங்கள். அந்த எலி தப்பித்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.