ஒளி எங்கே விழுகிறது? – வாசகர் கேள்வி பதில்

மேடையிலும் காட்சிக்கூடத்திலும் ஒளியையும் காணொளியையும் கையாள்வது குறித்து வந்த கடிதங்களுள் சிலவற்றுக்கு இம்முறை விடை தருகிறேன். எந்த நிறுவனத்தின் கருவியை வாங்கலாம் என்று கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அது விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி.

கேள்வி: எங்கள் நாடகத்தில் பின்திரையில் காணொளி ஓட்டுகிறோம். மேடை விளக்குகளை ஏற்றியதும் படம் வெளிறிவிடுகிறது. விளக்குகளைக் குறைத்தால் நடிகரின் முகம் தெரிவதில்லை. இன்னும் வெளிச்சமான புரொஜெக்டரை எடுத்தால் தீருமா?

பதில்: கொஞ்சம் தீரும்; நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்குத் தீராது. புரொஜெக்டரால் கருப்பு நிறத்தை வீச முடியாது என்பதுதான் இதற்குக் காரணம். படத்தில் கருப்பாக இருக்க வேண்டிய இடத்துக்கு அது ஒளியை அனுப்பாமல் விட்டுவிடுகிறது, அவ்வளவுதான். அந்த இடத்தில் வேறு விளக்கின் ஒளி ஏற்கெனவே சிந்திக் கிடந்தால், அந்தச் சாம்பல் வெளிச்சமே உங்கள் படத்தின் கருப்பாகிவிடும்.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். லூமென் என்பது கருவி வீசும் மொத்த ஒளியின் அளவு; லக்ஸ் என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் ஒளியின் அளவு. 5,000 லூமென் புரொஜெக்டர் ஒன்று 4 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உள்ள திரையை நிரப்பினால், திரையில் விழுவது ஏறக்குறைய 417 லக்ஸ். மேடை விளக்குகளிலிருந்து அதே திரையில் 50 லக்ஸ் சிந்துவதாக வைத்துக்கொண்டால், படத்தின் மிக வெளிச்சமான புள்ளிக்கும் மிக இருண்ட புள்ளிக்கும் உள்ள விகிதம் சுமார் 9க்கு 1. இரு மடங்கு திறனுள்ள 10,000 லூமென் கருவியைக் கொண்டுவந்தாலும் இந்த விகிதம் 18க்கு 1 என்பதைத் தாண்டாது. மாறாக, பழைய கருவியையே வைத்துக்கொண்டு, சிந்தும் ஒளியை 5 லக்ஸ் ஆகக் குறைத்துவிட்டால், கருவிக்குள்ளிருந்து கசியும் ஒளியைக் கணக்கில் சேர்க்காதபோது, விகிதம் 84க்கு 1 என்று உயர்ந்துவிடும். பணம் செலவழிப்பதற்கு முன் ஒளியமைப்பாளரோடு ஒரு மாலை உட்கார்ந்து பேச வேண்டியதன் நியாயம் இந்த எண்களில் இருக்கிறது.

அந்த மாலையில் செய்ய வேண்டியவை எளியவை. நடிகரைத் திரையிலிருந்து குறைந்தது இரண்டு மூன்று மீட்டராவது முன்னால் கொண்டுவாருங்கள். நேர் முன்னாலிருந்து அடிக்கும் விளக்குகளை அணைத்துவிட்டு, பக்கவாட்டிலிருந்தும் செங்குத்தாக மேலிருந்தும் முகத்துக்கு ஒளி கொடுங்கள். முகத்தைக் கடந்து போகும் ஒளி அப்போது பக்கத் திரைச்சீலைகளிலும் தரையிலும் விழுமே தவிர, பின்திரையில் விழாது. தரை வெளிர் நிறமாக இருந்தால் கருப்புத் துணி விரியுங்கள். பலரும் கவனிக்கத் தவறுவது இந்தத் தரையைத்தான்: மேலிருந்து விழும் ஒளியை அது அப்படியே திரையின் கீழ்ப்பாதிக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும்.

படத்தைப் பெரிதாக்கும் ஆசையையும் கட்டுப்படுத்த வேண்டும். அகலத்தையும் உயரத்தையும் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகிறது. 417 லக்ஸ் என்பது 104 ஆகச் சுருங்கிவிடுகிறது. மேடை முழுவதையும் மூடும் மங்கலான படத்தைவிட, நடிகரின் தோளுயரத்தில் ஒரு சன்னலளவுக்கு விழும் தெளிவான படம் நாடகத்துக்கு அதிகம் உதவும் என்பது என் கருத்து.

கேள்வி: மேற்படி சிக்கல் எங்களுக்கு இல்லை. படம் நன்றாகவே தெரிகிறது; அதனாலேயே பார்வையாளர்கள் நடிகரை விட்டுவிட்டுத் திரையையே பார்க்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: வெளிச்சமானதையும் அசைவதையும் நோக்கிக் கண் தானாகவே ஓடும், பார்வையாளரைக் குறை சொல்ல முடியாது. நடிகர் பேசும்போது படம் நிற்கட்டும், அல்லது கண்ணுக்குத் தெரியாத மெதுவில் நகரட்டும். படம் பேசும்போது நடிகர் நிற்கட்டும். ஜெர்மன் நாடக இயக்குநர் எர்வின் பிஸ்காட்டர் 1920களில் பெர்லின் மேடைகளில் திரைப்படத் துண்டுகளைப் புகுத்திய காலத்திலிருந்தே இந்த இழுபறி இருந்துவருகிறது. 1958இல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் செக் நாட்டு இயக்குநர் ஆல்ஃப்ரெட் ராடோக்கும் மேடை வடிவமைப்பாளர் யோசெஃப் ஸ்வபோதாவும் அரங்கேற்றிய ‘லாத்தெர்னா மாகிகா’ நிகழ்ச்சி இதற்கு வேறொரு வழியைக் காட்டியது. மேடையில் நின்ற தொகுப்பாளர் திரையில் தோன்றிய தன் பிம்பங்களோடு உரையாடினார். படம் பின்னணியாக இல்லாமல் இன்னொரு பாத்திரமாக ஆனபோது, கண் எங்கே போனாலும் நாடகத்துக்குள்ளேயே இருந்தது. உங்கள் காணொளியை நீக்கிவிட்டாலும் காட்சி அப்படியே புரிகிறதென்றால், நீக்கிவிடுவதே நல்லது.

கேள்வி: கட்டடங்கள் மீதும் சிலைகள் மீதும் பொருத்தமாகப் படம் வீசும் ‘புரொஜெக்‌ஷன் மேப்பிங்’ கணினி வந்த பிறகு பிறந்த கலைதானே?

பதில்: பெயர் புதியது, செயல் பழையது. 1790களின் இறுதியில் பாரிஸில் ராபர்ட்சன் என்ற பெயரில் ஆவிக் காட்சிகள் நடத்தியவர், கண்ணாடிச் சில்லில் தீட்டிய உருவத்தைத் திரையில் வீசும் பட விளக்கைச் சக்கரங்கள்மீது ஏற்றித் திரைக்குப் பின்னால் வைத்து, அதைத் திரையிலிருந்து விலக்கி நகர்த்தினார். படம் பெருத்துக்கொண்டே போனது. முன்னால் இருட்டில் அமர்ந்திருந்தவர்களுக்கு ஆவி தங்களை நோக்கிப் பாய்ந்து வருவதாகத் தோன்றியது. கண்ணாடிச் சில்லில் உருவத்தைச் சுற்றியிருந்த இடம் முழுவதும் கருப்பு மையால் அடைக்கப்பட்டிருந்ததால் சட்டத்தின் விளிம்பு எங்கும் தெரியவில்லை. இன்று மென்பொருளில் ‘மாஸ்க்’ போடுகிறவர் செய்வது அதே வேலைதான்.

முப்பரிமாணப் பொருளின் மீது அதற்குரிய உருவத்தையே வீசும் வழக்கத்துக்கு 1969இல் கலிஃபோர்னியா டிஸ்னிலாந்தில் திறக்கப்பட்ட பேய் மாளிகை ஒரு மைல்கல். அங்கே மார்பளவுச் சிலைகள் பாடும். பாடகர்களின் முகத்தைத் தலை அசையாதபடி படம்பிடித்து, அந்தப் படத்தை அசையாத சிலையின் முகத்தில் விழச் செய்திருந்தார்கள். அமெரிக்கக் கலைஞர் மைக்கேல் நைமார்க் 1980இல் செய்த ‘டிஸ்ப்ளேஸ்மென்ட்ஸ்’ என்ற படைப்பு இதைவிடத் துணிச்சலானது. ஒரு வரவேற்பறையை, அதில் இருவர் நடமாட, சுழலும் கேமராவால் படமெடுத்தார். பிறகு நாற்காலி, மேசை, சுவர் என அறையிலிருந்த எல்லாவற்றின் மீதும் வெள்ளைச் சாயம் அடித்துவிட்டு, கேமரா இருந்த அதே இடத்தில் சுழலும் புரொஜெக்டரை வைத்தார். படம் கடந்துபோகும் இடத்திலெல்லாம் பொருள்கள் தத்தம் நிறத்தோடு உயிர்பெற்றன. மனிதர்கள் மட்டும் ஆவிகளைப்போலத் தட்டையாகத் தெரிந்தார்கள், ஏனெனில் அவர்களுடைய ஒளி விழுவதற்கு அங்கே உடல் இல்லை.

கணினி தந்தது வேறு. புரொஜெக்டர் எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் இருந்தாலும், பொருளின் வடிவத்தை எண்களாக அறிந்து படத்தை அதற்கேற்ப வளைத்துக்கொடுக்க அதனால் முடிந்தது. ரமேஷ் ரஸ்கரும் உடனிருந்தவர்களும் 2001இல் வெளியிட்ட ‘ஷேடர் லாம்ப்ஸ்’ ஆய்வு இந்தத் துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

கேள்வி: நடனக் கலைஞரின் அசைவுக்கேற்ப ஒளிக்கோலங்கள் மாறும் நிகழ்ச்சி ஒன்றைப் பார்த்தேன். ஒத்திகையில் மனப்பாடம் செய்து ஆடுகிறார்களா, அல்லது ஒளி உண்மையாகவே அவர்களைப் பின்தொடர்கிறதா?

பதில்: இரண்டும் உண்டு. முன்பே தயாரித்த காணொளிக்கு ஏற்ப நொடி பிசகாமல் ஆடுவதே இன்றும் பெருவழக்கு. அதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஒளி உடலைப் பின்தொடரும் முறைக்கு நல்ல எடுத்துக்காட்டு, ஆஸ்திரேலியாவின் சங்கி மூவ் நடனக் குழு 2006இல் படைத்த ‘குளோ’. ஒரே ஒரு நடனக் கலைஞர் தரையில் ஆட, மேலிருந்து விழும் ஒளி அவர் உடலின் விளிம்பைக் கணந்தோறும் வரைந்துகொண்டே போகும். அதற்கான கணினி அமைப்பை ஃப்ரீடர் வைஸ் உருவாக்கினார்.

இதில் ஒரு நுட்பமான இடர் இருக்கிறது. உடலைக் கண்டறியச் சாதாரணக் கேமராவை வைத்தால், அது உடலையும் பார்க்கும், உடல்மீது விழும் கோலத்தையும் பார்க்கும். கோலத்தையே உடலென்று எண்ணி அதன்மேல் இன்னொரு கோலத்தை வரையத் தொடங்கிவிடும். எனவே மேடையை அகச்சிவப்பு விளக்குகளால் நிரப்பி, கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்கும் வடிகட்டியைக் கேமராவில் பொருத்துகிறார்கள். புரொஜெக்டரின் ஒளியில் அகச்சிவப்பு மிகக் குறைவு என்பதால், நாம் பார்க்கும் கோலம் எதுவும் கேமராவுக்குத் தெரிவதில்லை. உடல் மட்டும் தெரிகிறது. இப்படி அமைத்துவிட்டு, பழைய ஆலசன் விளக்கு ஒன்றை மறந்துபோய் மேடையில் ஏற்றிவிட்டால் எல்லாம் குலைந்துவிடும். அந்த விளக்கு அகச்சிவப்பை வாரி இறைக்கும். எல்.இ.டி. விளக்குகளில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

இன்னொன்று தாமதம். கேமரா பார்த்து, கணினி கணக்கிட்டு, புரொஜெக்டர் வீசுவதற்குள் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு கழிந்துவிட்டதென்றால், நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வீசும் கையைவிட ஒளி 20 சென்டிமீட்டர் பின்தங்கும். அனுபவமுள்ளவர்கள் இதனுடன் மல்லுக்கட்டுவதில்லை. கையைத் தொடரும் புகை, கரைந்து மறையும் தடம் என்று பின்தங்குவதே இயல்பாகத் தோன்றும் கோலங்களைத் தேர்ந்துகொள்கிறார்கள்.

கருவிகளின் நுணுக்கத்தில் மயங்குவோர் லோயி ஃபுல்லரை நினைத்துக்கொள்ளலாம். 1892இல் பாரிஸின் ஃபோலி பெர்ஜேர் அரங்கில், நீண்ட கோல்களால் வீசி விரிக்கப்பட்ட பட்டுத்துணியின் மீது பல வண்ண விளக்குகளை விழச் செய்து ஆடியவர் அவர். திரையே அசைந்தது, ஒளியும் அசைந்தது, தாமதம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கேள்வி: நிறம் மங்கிய பழைய ஓவியங்களை ஒளியாலேயே மீட்கலாம் என்று கேள்விப்பட்டேன். சாத்தியமா?

பதில்: சாத்தியம், செய்தும் காட்டியிருக்கிறார்கள். அமெரிக்க ஓவியர் மார்க் ராத்கோ ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காக வரைந்த பெரிய ஓவியங்கள் 1964இல் மாட்டப்பட்டு, சன்னல் வெயிலில் நிறமிழந்து, பிறகு கிடங்குக்குப் போயின. அவர் கையாண்ட சிவப்பு நிறமி ஒளி தாங்காதது. அந்தப் பரப்பில் மேல்சாயம் பூசினால் அவர் தூரிகையின் தடம் அழிந்துவிடும். எனவே 2014இல் ஹார்வர்டு கலை அருங்காட்சியகத்தினர், பழைய வண்ணப் படங்களைக் கொண்டு முதல் நிறத்தை ஊகித்து, இன்றைய நிறத்துக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டைப் புள்ளி புள்ளியாகக் கணக்கிட்டு, அந்த வேறுபாட்டை மட்டும் வண்ண ஒளியாக ஓவியத்தின்மீது விழச் செய்தார்கள். நாள்தோறும் மாலை 4 மணிக்குப் புரொஜெக்டர் அணைக்கப்பட்டது. மங்கிப்போன உண்மையான பரப்பையும் மக்கள் பார்த்துக்கொண்டார்கள். மறுசீரமைப்பை அணைத்துப் பார்க்க முடிகிற வசதி வேறெந்த முறையிலும் இல்லை.

ஸ்பெயினில் கட்டலோனியாவின் தவுல் என்ற ஊரில் உள்ள சான் கிளிமென்ட் தேவாலயத்தின் கதை வேறு. அதன் 12ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு பார்சிலோனா அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. 2013 முதல் அவை அதே வளைவுச் சுவரில் ஒளியாகத் திரும்ப வரையப்படுகின்றன.

நீங்களாகவே ஓர் அசல் ஓவியத்தின்மீது இதைச் செய்து பார்க்க வேண்டாம். நிறத்தைக் கெடுத்ததே ஒளிதான். நீர்வண்ணம், துணி போன்ற மென்மையானவற்றுக்கு அருங்காட்சியகங்கள் கடைப்பிடிக்கும் அளவு 50 லக்ஸ். சாதாரணப் புரொஜெக்டர் அதை எளிதில் மீறிவிடும். நல்ல நகலொன்றை அச்சிட்டு அதன்மீது பழகுங்கள்.

கேள்வி: அனுமதியில்லாமல் ஒரு கட்டடத்தின்மீது படம் வீசுவது கலையா, அத்துமீறலா?

பதில்: இரண்டுமாக இருக்க முடியும். 1985இல் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நெல்சன் தூணின்மீது படம் வீச அனுமதி பெற்றிருந்த போலந்துக் கலைஞர் கிறிஷ்டோஃப் வொடிச்கோ, தம் புரொஜெக்டர்களில் ஒன்றை எதிரிலிருந்த தென்னாப்பிரிக்கத் தூதரகத்தின் நெற்றியை நோக்கித் திருப்பி, அங்கே நாஜிகளின் சின்னமான ஸ்வஸ்திகாவை விழச் செய்தார். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி நடந்துகொண்டிருந்த காலம் அது. காவலர்கள் வந்து தடுக்கும்வரை அந்தச் சின்னம் அங்கே இருந்தது. சுவரில் ஒரு கீறல்கூட விழவில்லை. சட்டம் ஊருக்கு ஊர் வேறுபடும்; ஆனால் அதிகாரத்தின் முகத்தில் எழுதுவதையும் உறங்குகிறவரின் சன்னலில் விளம்பரம் வீசுவதையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனமில்லை.

கேள்வி: மின்னி மின்னி அணையும் ஒளி பார்வையாளர்களுக்கு ஆபத்தா?

பதில்: சிலருக்கு ஆபத்துதான். 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு தொலைக்காட்சிக் கார்ட்டூன் தொடரில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னியதால் 600க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்ன விடாதீர்கள். கதைக்கு அது தவிர்க்க முடியாததென்றால் நுழைவாயிலிலேயே எச்சரிக்கை எழுதி வையுங்கள்.

கேள்வி: நான் கலைக்கல்லூரி மாணவி. கையில் ஒரு சாதாரணப் புரொஜெக்டர் மட்டுமே இருக்கிறது. மென்பொருள், சென்சார் எதுவும் இல்லை. பார்வையாளர்களும் பங்குபெறும்படி ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். மெக்சிகோவில் பிறந்த கலைஞர் ரஃபாயெல் லொசானோ ஹெம்மர் 2001இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரச் சதுக்கத்தில் செய்த ‘பாடி மூவீஸ்’ படைப்பின் அடிப்படை உங்களுக்குப் போதும். அவர் ஒரு பெரிய கட்டடச் சுவரில் மனிதர்களின் ஒளிப்படங்களை வீசினார். கூடவே தரை மட்டத்திலிருந்து வலுவான வெள்ளை ஒளியையும் அதே சுவரில் பாய்ச்சினார். வெள்ளை ஒளியில் படங்கள் கரைந்து காணாமல் போயின. சதுக்கத்தில் நடந்தவர்களின் நிழல் சுவரில் விழுந்த இடத்தில் மட்டும் வெள்ளை ஒளி மறைக்கப்பட்டு, நிழலுக்குள்ளே இன்னொருவரின் முகம் தோன்றியது. விளக்கை நெருங்கியவரின் நிழல் கட்டட உயரத்துக்கு வளர்ந்தது.

உங்களுக்கு வேண்டியது ஓர் இருண்ட அறை, வெள்ளைச் சுவர், புரொஜெக்டரைவிட வெளிச்சமான ஒற்றை விளக்கு. புரொஜெக்டரைக் கூரையருகே வைத்து, அதன் கற்றை பார்வையாளர்களின் தலைக்கு மேலாகப் போகும்படி சாய்த்துவிடுங்கள். இல்லையென்றால் அவர்கள் உடல் படத்தையும் சேர்த்து மறைத்துவிடும். விளக்கு தரையில், சுவரிலிருந்து நான்கைந்து மீட்டர் தள்ளி இருக்கட்டும். ஒளி வரும் பரப்பு சிறியதாக இருக்க வேண்டும், அகன்ற பலகை விளக்கு நிழலின் விளிம்பை மழுங்கடிக்கும். படத்தில் இருண்ட பகுதிகள் குறைவாகவும் முகங்கள் பெரியதாகவும் இருக்கட்டும். விளக்கை மெல்ல ஏற்றிக்கொண்டே போய், படம் மறைந்த அந்தக் கட்டத்திலேயே நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் ஏற்றினால் சுவரிலிருந்து திரும்பும் ஒளி அறையெங்கும் பரவி, நிழலுக்குள்ளும் புகுந்துவிடும்.