14 வயது மகளுக்கு ‘நாட்ஸ் அண்ட் கிராஸஸ்’ நாவலைப் படிக்கக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆனால் முதலில் நீங்கள் ஒரு தடவை படித்துவிடுங்கள். மேலோட்டமாகப் பார்த்தால் பள்ளிக்கூடக் காதல் கதை. உள்ளே குண்டுவெடிப்பு, தற்கொலை, ஆள்கடத்தல் எல்லாம் உண்டு, நெருக்கமான காட்சி ஒன்றும் உண்டு. முடிவைச் சொல்லப் போவதில்லை. கண்டிப்பாகச் சுபம் இல்லை.

மாலரி பிளாக்மன் எழுதி 2001இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. கதையில் நிறவெறி அப்படியே தலைகீழ். கறுப்பர்கள் ‘கிராஸ்’, அதிகாரமும் பணமும் அவர்களிடம். ஒரு காலத்தில் அடிமைகளாக இருந்த வெள்ளையர்கள் ‘நாட்’. செஃபி ஒரு கிராஸ் அமைச்சரின் மகள். அவர்கள் வீட்டில் வேலை பார்த்த நாட் பெண்ணின் மகன் கேலம். சின்ன வயதிலிருந்தே சிநேகிதம், பிறகு காதல்.

ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் 1993இல் லண்டனில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது வெள்ளையர்களால் கொல்லப்பட்டார். போலீஸ் துறைக்குள்ளேயே நிறவெறி ஊறியிருக்கிறது என்று 1999இல் விசாரணை அறிக்கை சொன்னது. அந்த வழக்குதான் தன்னை இதை எழுத வைத்தது என்று பிளாக்மன் சொல்லியிருக்கிறார்.

நான் இதைச் சிபாரிசு செய்வதற்குக் காரணம் செஃபி. நல்ல பெண், கேலம் மீது உயிரையே வைத்திருப்பவள். ஆனால் காதல் வந்ததால் அவள் புத்தி தெளிந்துவிடவில்லை. அவள் பள்ளியில் முதன்முறையாக நாட் மாணவர்களைச் சேர்க்கிறார்கள். வாசலில் கூட்டம் கூடி எதிர்ப்புக் கூச்சல் போடுகிறது. (1957இல் அமெரிக்காவின் லிட்டில் ராக் நகரில், வெள்ளையர் பள்ளியில் கறுப்பின மாணவர்களைச் சேர்த்தபோது நடந்தது ஞாபகம் வரும்.) அந்தக் கூட்டத்தைத் தடுக்கப் போய், கோபத்தில் ‘நாட்’ இனத்தாரை இழிவுபடுத்தும் வசைச்சொல்லையே எடுத்து வீசிவிடுகிறாள். கேலம் காதில் அது விழுகிறது. அப்புறம் சாப்பாட்டு நேரத்தில் நாட் மேசையில் போய் உட்கார்ந்து, தான் பெரிய நல்ல காரியம் செய்வதாக நினைக்கிறாள். அங்கிருப்பவர்களுக்கோ தர்மசங்கடம். வெள்ளைத் தோலில் ஒட்டிய பழுப்பு பிளாஸ்டர் துருத்திக்கொண்டு தெரிவதைக்கூட யாராவது சொன்னால்தான் கவனிக்கிறாள். கடையில் வேறு நிறம் கிடைப்பதே இல்லை. இந்த இடங்களைப் பற்றி உங்கள் மகளோடு நிறையப் பேசலாம்.

பின்பாதி எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. ஆயுதக் குழு, கடத்தல் என்று த்ரில்லர் வேகத்தில் ஓடுகிறது. கேலமின் மாற்றத்துக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம்.

இருவரும் மாறி மாறிச் சொல்லும் குட்டி அத்தியாயங்கள், எளிய ஆங்கிலம். அவள் வேகமாகப் படித்துவிடுவாள். பிபிசி 2020இல் எடுத்த தொடரில் காதலர்களின் வயதைக் கூட்டி, கதையையும் நிறைய மாற்றிவிட்டார்கள். அதனால் முதலில் புத்தகமே இருக்கட்டும். முடித்ததும் அடுத்த பாகமான ‘நைஃப் எட்ஜ்’ வேண்டும் என்று கேட்பாள். அது இதைவிடக் கனமானது. நானாக இருந்தால் ஒன்றிரண்டு வருடம் தள்ளிப்போடுவேன்.