பிரபஞ்சம் அழிந்துவிடுமா என்று குழந்தை கேட்டால் என்ன சொல்வது?

கேள்வி: பிரபஞ்சத்தின் முடிவைப் பற்றிய ஒரு யூடியூப் காணொளியைப் பார்த்ததிலிருந்து என் எட்டு வயது மகள், இரவில் படுத்ததும் "எல்லாம் அழிஞ்சு போயிடுமாம்மா? அப்ப நாம எங்கே போவோம்?" என்று கேட்டு அழுகிறாள். பன்னிரண்டு வயது மகனோ பேருறைவு, பெருங்கிழிவு, பெருங்குறுக்கம் என்று அதில் வந்தவற்றுள் எது சரி என்று துளைத்தெடுக்கிறான். நான் வணிகவியல் படித்தவள். பொய் சொல்லாமலும் பயமுறுத்தாமலும் இவர்களுக்கு எப்படி விளக்குவது?
(மதுரை வாசகி)

பதில்: இருவரும் பார்த்தது ஒரே காணொளியாக இருந்தாலும், இருவருடைய கேள்வியும் ஒன்றல்ல. மகன் கேட்பது இயற்பியல். மகள் கேட்பது வீட்டைப் பற்றியும் உங்களைப் பற்றியும். எனவே அவளுக்கு விளக்கம் எதையும் தொடங்குவதற்கு முன், "எது அழியும்னு நினைக்கிறே? எப்போ?" என்று அவளையே கேளுங்கள். சூரியன் அணைவது, பூமி வாழத் தகுதியற்றுப் போவது, பிரபஞ்சம் முடிவது ஆகிய மூன்றையும் இந்த வயதுப் பிள்ளைகள் ஒன்றாகக் கலந்துகொண்டு, அது ஏதோ அடுத்த கோடை விடுமுறைக்குள் நடக்கப்போவதாக எண்ணுவது வெகு இயல்பு. "அதெல்லாம் சும்மா, போய்த் தூங்கு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சூரியனுக்கு ஆயுள் உண்டு என்பதை நாளை பாடப்புத்தகத்திலேயே படித்துவிட்டால், அடுத்த சந்தேகத்தை அவள் உங்களிடம் கொண்டுவர மாட்டாள். பேச்சைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். இரவில், "நாளைக்குக் காலையில் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்" என்ற ஒரு வாக்கு போதும்.

அந்தக் கணக்குதான் முக்கியம். இத்தகைய காணொளிகள் அழிவைப் பத்து நிமிடம் வண்ண வண்ணமாகக் காட்டிவிட்டு, அது எப்போது என்பதை ஒரு நொடி திரையில் ஓடவிட்டு நகர்ந்துவிடுகின்றன. நீங்கள் அதைத் தலைகீழாக்குங்கள்: காலத்தை முதலில் சொல்லுங்கள், முடிவைப் பிறகு சொல்லுங்கள்.

மகளின் பென்சில் பெட்டியிலுள்ள ஸ்கேலை எடுத்து, அதன் ஒரு மில்லிமீட்டரை 100 ஆண்டுகள் என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாட்டி, அம்மா, தான் என மூவரும் அந்த ஒரு சிறு கோட்டிடைவெளிக்குள் அடங்கிவிடுவதை அவளே பார்ப்பாள். கீழடியில் கிடைத்தவற்றுள் மிகப் பழையவற்றுக்கு ஏறத்தாழ 2,600 ஆண்டுகள் என்பது கரிமக் கணிப்பு. அது இரண்டரைச் சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். டைனோசர்கள் அழிந்த 6.6 கோடி ஆண்டுகள் என்பது 660 மீட்டர், அதாவது தெருக்கோடியையும் தாண்டிய ஒரு நடை. பெருவெடிப்பு முதல் இன்றுவரையிலான 1,380 கோடி ஆண்டுகள் 138 கிலோமீட்டர். மதுரையிலிருந்து ஏறத்தாழத் திருச்சி வரை. இனி எதிர்காலத்துக்கு வாருங்கள். சூரியனிடம் மிச்சமிருக்கும் சுமார் 500 கோடி ஆண்டுகள் விருதுநகர் வரையிலான தூரம். பிரபஞ்சத்தின் கடைசி விண்மீன்கள் அணைய ஆகும் என்று கணிக்கப்படும் காலமோ ஏறத்தாழ ஒரு கோடியை ஒரு கோடியால் பெருக்கினால் வரும் ஆண்டுகள். ஸ்கேலில் அது பத்து லட்சம் கிலோமீட்டர். நிலவுக்குப் போய்த் திரும்பி வந்து, மறுபடி புறப்பட்டுப் பாதி வழியைக் கடந்தாலும் அந்தத் தூரம் முடியாது. இதைச் சொல்லிவிட்டு, "இதில் நீ எங்கே இருக்கிறாய்?" என்று கேட்டு, அவள் விரலை அந்த முதல் மில்லிமீட்டரில் வைக்கச் செய்யுங்கள். எட்டு வயதுக்கு இதற்கு மேல் கோட்பாடு தேவையில்லை என்பது என் கருத்து.

சூரியனைப் பற்றி ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கும். பூமியின் சிக்கல் சூரியன் அணையும்வரை காத்திருக்காது. சூரியன் மெல்ல மெல்லப் பிரகாசமாகிக்கொண்டே வருவதால், சுமார் 100 கோடி ஆண்டுகளில் கடல்கள் வற்றத் தொடங்கும் என்பது பரவலான கணிப்பு. ஸ்கேல் கணக்கில் அது 10 கிலோமீட்டர், திருப்பரங்குன்றத்தைச் சற்றே தாண்டிய இடம். அருகில் வந்துவிட்டதே என்று அவள் பதறினால், கீழடியின் இரண்டரைச் சென்டிமீட்டரை மறுபடி காட்டுங்கள். பிரபஞ்சம் விரிகிறது என்றதும் வீடும் நாமும் விரிகிறோமா என்ற கேள்வியும் வரலாம். இல்லை: பூமியையும் சூரியக் குடும்பத்தையும் ஈர்ப்பு விசையும், நம் உடலின் அணுக்களை மின்விசையும் பிடித்துவைத்திருக்கின்றன, விலகிச் செல்வன மிகத் தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்களே.

மகனுக்கு வருவோம். "எது சரி" என்று அவன் கேட்பதற்கு முன், "எப்படித் தெரியும்" என்று கேட்கப் பழக்குங்கள். தொலைதூர விண்மீன் மண்டலங்கள் எவ்வளவு தொலைவில் உள்ளனவோ அவ்வளவு வேகமாக விலகுகின்றன என்பதை 1929-இல் எட்வின் ஹபிள் வெளியிட்டார். ஈர்ப்பு விசை இந்த விரிவை நாளடைவில் தளர்த்தும் என்றே அதன்பின் பல்லாண்டுகள் எண்ணப்பட்டது. தளர்ந்து நின்று, திரும்பச் சுருங்கி, எல்லாம் ஒன்றாக நசுங்கினால் அது பெருங்குறுக்கம். 1998-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஒருவகை விண்மீன் வெடிப்புகளை அளந்து பார்த்தபோது, விரிவு தளரவில்லை, வேகமெடுக்கிறது என்று தெரிந்தது. அதற்காக பெர்ல்மட்டர், ஷ்மிட், ரீஸ் ஆகிய மூவருக்கும் 2011-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வெடிப்புகளைத் தூரம் அளக்கப் பயன்படுத்த முடிவதன் பின்னணியில் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர் இருக்கிறார் என்பதைச் சொன்னால் பையன் நிமிர்ந்து உட்காருவான். 1930-இல், 19 வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் வழியில், ஒரு வெண்குள்ள விண்மீன் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீனின் மிச்சம்) தாங்கக்கூடிய எடைக்கு வரம்பு உண்டு என்று அவர் கணக்கிட்டார். அது சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. அந்த வரம்பை நெருங்கி வெடிக்கும் வெண்குள்ளர்கள் ஏறக்குறைய ஒரே அளவு ஒளி விடுவதால், மங்கலாகத் தெரிவது தொலைவில் உள்ளது என்று கணிக்க முடிகிறது.

விரிவை முடுக்கும் காரணிக்கு இருண்ட ஆற்றல் என்று பெயர். பிரபஞ்சத்தின் மொத்த ஆற்றலில் ஏறத்தாழ 70 விழுக்காடு அதுவே என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் அது என்ன என்பதற்கு இன்றுவரை விடையில்லை. அவன் கேட்கும் மூன்று முடிவுகளும் இந்த ஒன்றைப் பொறுத்தே பிரிகின்றன. அது மாறாமல் இருந்தால் விளைவது பேருறைவு: புது விண்மீன்கள் பிறப்பது நிற்கும், இருப்பவை அணையும், கடைசியில் கருந்துளைகளும் மெல்லக் கசிந்து மறையும். இந்தக் கசிவை ஸ்டீபன் ஹாக்கிங் 1974-இல் கணித்தார். நேரில் இன்னும் யாரும் கண்டதில்லை. மிகப்பெரிய கருந்துளைகள் மறைய ஏறத்தாழ ஒன்றுக்குப் பின் நூறு சுழியங்கள் போட்ட அத்தனை ஆண்டுகள் ஆகும். நோட்டில் அந்த எண்ணை எழுதச் சொல்லுங்கள், அந்த வயதில் ஆசையாக எழுதுவார்கள்.

இருண்ட ஆற்றல் காலப்போக்கில் வலுத்துக்கொண்டே போனால், விண்மீன் மண்டலங்களில் தொடங்கி அணுக்கள் வரை பிய்ந்துபோகும், அதுதான் பெருங்கிழிவு. 2003-இல் இதை விவரித்த கால்டுவெல் குழுவினர் ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கில் 2,200 கோடி ஆண்டுகள் என்றனர், அதாவது நம் ஸ்கேலில் கோயம்புத்தூர் தூரம். இப்போதுள்ள அளவீடுகள் அந்தப் பக்கம் சாயவில்லை. மாறாக, விண்மீன் மண்டலங்களின் தூரங்களை அளக்கும், அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள டெசி என்னும் கருவி 2024, 2025 ஆண்டுகளில் வெளியிட்ட முடிவுகள், இருண்ட ஆற்றல் வலுவிழந்து வரலாம் என்ற குறிப்பைத் தந்துள்ளன. அது உறுதியாகவில்லை, உறுதியானால் பெருங்குறுக்கத்தையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஆகவே மகனுக்கு நேர்மையான விடை: இன்று பெரும்பாலோர் ஏற்பது பேருறைவை, ஆனால் வழக்கு இன்னும் விசாரணையில் இருக்கிறது.

இடையில் வீட்டுப் பெரியவர்கள் பிரளயக் கதை சொன்னால் தடுக்க வேண்டாம். கதை கதையாக இருக்கட்டும். "நம் முன்னோர் அன்றே சொன்னதை விஞ்ஞானம் இன்று நிரூபித்துவிட்டது" என்று மட்டும் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிடாதீர்கள்.

மகளின் அழுகை சில வாரங்களில் தணியாமல் தூக்கமும் சாப்பாடும் கெட்டால், காரணம் பிரபஞ்சமாக இல்லாமலும் இருக்கலாம். குடும்பத்தில் அண்மையில் ஏதேனும் இழப்பு உண்டா என்று யோசியுங்கள், குழந்தை நல மருத்துவரிடமும் காட்டுங்கள்.

மகன் தேடிப்பிடித்துவிடக்கூடிய நான்காவது ஒன்றும் உண்டு: வெற்றிடமே நிலைகுலைந்து, அந்த மாற்றம் ஒளியின் வேகத்தை ஒட்டி முன்னறிவிப்பின்றிப் பரவலாம் என்னும் வெற்றிடச் சிதைவு. கோல்மன், டி லூச்சியா ஆகியோர் 1980-இல் இதை ஆராய்ந்தனர். ஹிக்ஸ் துகளின் (பிற அடிப்படைத் துகள்கள் நிறை பெறுவதோடு தொடர்புடைய துகள்) நிறையை வைத்துப் போடும் கணக்குகளில் இதற்கு எதிர்பார்க்கப்படும் காலம் பிரபஞ்சத்தின் இன்றைய வயதைவிடக் கற்பனைக்கெட்டாத மடங்கு நீண்டது. அவன் கேட்டால் இவ்வளவையும் சொல்லுங்கள். தங்கை பக்கத்தில் இருக்கும்போது நீங்களாக எடுக்க வேண்டாம்.