வெள்ளைக் குமிழத்தில் பசுங்கணிகம் ஏது?

கேள்வி: இருமலுக்கான சீன மருந்துச் சரக்கு சுவான் பெய்மூ. நான் வாங்கிய அதன் உலர்ந்த குமிழங்கள் (வெங்காயம் போன்ற நிலத்தடிப் பகுதி) எந்தச் சிற்றினம் என்று தெரியவில்லை. செடிகளை அடையாளம் காணப் பயன்படும் மேட்கே (matK) என்ற பசுங்கணிக மரபணுத் துண்டின் பார்கோடு எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ ஒன்றாகவே வருகிறது. இலைச் செல்லில் ஒளிச்சேர்க்கை செய்யும் பச்சை உறுப்பான பசுங்கணிகத்தின் (குளோரோபிளாஸ்ட்) முழு மரபணுத் தொகுதியையும் படித்தால் விடை கிடைக்குமா? பச்சையே இல்லாத குமிழத்தில் பசுங்கணிகம் ஏது?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். குமிழத்தில் மாவுச்சத்தைச் சேர்த்துவைக்கும் வெண்கணிகங்களும் இலையின் பசுங்கணிகங்களும் ஒரே வழியில் வந்தவை. இரண்டிலும் அதே டி.என்.ஏ.தான். ஒரு செல்லில் அதற்குப் பல பிரதிகள் உண்டு. ஆகவே கணிகங்களைத் தனியே பிரிக்க வேண்டியதில்லை; மொத்த டி.என்.ஏ.வை மேலோட்டமாக வரிசைப்படுத்தினாலே போதும்.

ஆனால் குமிழங்களை ஒன்றாகப் பொடித்துவிடாதீர்கள். சீன அரசின் மருந்து நூல் இந்தச் சரக்குக்கு ஃப்ரிட்டிலாரியா பேரினத்தின் ஐந்து சிற்றினங்களையும், சிற்றினத்துக்குள் அடங்கும் வகை (variety) ஒன்றையும் ஏற்கிறது. ஒரே பையில் பல கலந்திருக்கலாம். பெரிய செதில் ஒன்று சின்னதைப் பிறைபோல அணைத்திருக்கும் குமிழத்தை 'நெஞ்சில் அணைத்த நிலா' என்று சீனத்தில் சொல்வார்கள். அழகான அடையாளம்தான், ஆனால் அது தரத்தைச் சொல்லுமே தவிர சிற்றினத்தை உறுதியாகச் சொல்லாது.

மேட்கே பார்கோடு சுமார் 800 டி.என்.ஏ. எழுத்து. முழுத் தொகுதி சுமார் 1,50,000. நெருங்கிய உறவினரைப் பிரிக்கும் வேறுபாடுகள் பெரும்பாலும் மரபணுக்களுக்கு இடைப்பட்ட பகுதிகளில் ஒளிந்திருக்கின்றன. அவை முழுத் தொகுதியில்தான் கைக்கு வரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பெரும்பாலான பூக்கும் தாவரங்களில் கணிகம் தாய்வழியாக மட்டுமே வருகிறது. இரு சிற்றினங்கள் கலந்து பிறந்த செடியில் தாயின் முகம் மட்டும் தெரியும். தந்தை இருந்த தடமே இருக்காது. பழங்காலத்தில் நடந்த கலப்பால், ஒரு சிற்றினம் இன்னொன்றின் கணிகத்தைச் சுமந்து வாழ்வதும் உண்டு. எனவே தாய், தந்தை இருவரிடமிருந்தும் வரும் உட்கரு டி.என்.ஏ.வில் ஐ.டி.எஸ். (ITS) எனப்படும் பகுதியையும் சேர்த்துப் படியுங்கள். இரண்டும் முரண்பட்டால் சிற்றினப் பெயர் எழுத அவசரப்பட வேண்டாம். ஒப்பிடும் மாதிரிகளும் சிற்றினத்துக்கு ஒன்றாக இருந்தால் போதாது. வெவ்வேறு மலைகளில் சேகரித்து, தாவரவியலாளர் பெயரிட்டு, உலர்தாவரத் தொகுப்பில் வைத்த பல செடிகள் வேண்டும். பொதுத் தரவுத்தளங்களில் தவறான பெயருடன் கிடக்கும் வரிசைகளும் உண்டு.

மலிவான வேறு பெய்மூ கலந்திருக்கிறதா என்பது மட்டுமே உங்கள் சந்தேகம் என்றால், இத்தனை செலவு எதற்கு? அதே மருந்து நூலில் இதற்கென்றே டி.என்.ஏ. துண்டைப் பெருக்கி, நொதியால் வெட்டிப் பார்க்கும் பி.சி.ஆர். சோதனை இருக்கிறது. முதலில் அதைச் செய்து பாருங்கள்.